வரிசையில் அவளுக்கும் ஓர் இடம்

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியை இங்கே மீட் என்பார்கள். மீட் சீசன் நெருங்க நெருங்க எங்கள் ஜிம்மின் முகமே மாறிவிடும். சுவரில் போட்டி அட்டவணை ஏறும். பெட்டி பெட்டியாகப் புது லியோடார்ட்கள் வந்து இறங்கும். முன்மேஜைக்குப் பின்னால் பிள்ளைகளின் பெயர் ஒட்டிய பைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். நடுவருக்குக் கை உயர்த்தி வணக்கம் சொல்வது, வரிசை கலையாமல் நடந்து வருவது, விழுந்தால் முகம் மாறாமல் எழுந்து நிற்பது என்று பயிற்சியின் கடைசிக் கொஞ்ச நேரம் போகும். அதே கூட்டத்தில், அதே கார்ட்வீலைப் போட்டுக்கொண்டு, அதே பீமில் ஏறி இறங்கிக்கொண்டு, பெயர் ஒட்டிய பை இல்லாத ஒன்றிரண்டு வாண்டுகளும் இருக்கும். அவர்களுக்குத் திறமையில் குறை ஒன்றும் இல்லை. போட்டிக்குரிய வயது வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடம் என் மகள் அந்த வாண்டுகளில் ஒருத்தி. நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில். அவளுக்கு ஆறு வயது. அவள் பயிற்சி எடுக்கும் குழுவில் போட்டிக்குப் போக வேண்டுமென்றால் ஏழு முடிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கிளப்பின் கணக்கு. போட்டிக்குப் போகும் பிள்ளைகளெல்லாம் ஏழு, எட்டு, ஒன்பது. வாரம் முழுக்க அவர்களோடு சேர்ந்து வியர்த்துவிட்டு, சனிக்கிழமை காலை அவர்கள் கொண்டை போட்டு மினுமினுப்பு ஸ்பிரே அடித்துக்கொண்டு கிளம்பும்போது இவள் வீட்டில் பைஜாமாவோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இதே நிலையில் இருக்கும் சில அம்மாக்களோடு இந்த சீசனில் நிறையப் பேசினேன். பேசியதில் எனக்குத் தெளிவானதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த வயதுப் பிள்ளைக்கு மெடல் கிடைக்காதது பெரிய வருத்தமே இல்லை. பெரியவர்கள் நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம். லியோடார்ட் கொடுத்த அன்று என் மகள் பக்கத்தில் நின்ற தோழியின் கைப்பகுதியில் ஒட்டியிருந்த கல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை, கேட்கவும் இல்லை. காரில் ஏறி பெல்ட் போட்ட பிறகுதான் ஆரம்பித்தாள்.

"அம்மா, மீட்ல அவங்கல்லாம் எங்க உக்காருவாங்க?"

"சேர் போட்டிருப்பாங்க."

"வரிசையாவா?"

"ஆமா."

"வார்ம் அப்ல நான் ரெண்டாவதா நிப்பேன்ல. அந்த இடத்துல யாரு நிப்பா?"

அவளுக்கு உறுத்தியது அதுதான். தினமும் தான் நிற்கிற இடத்தை மூடிவிட்டு, வரிசை அவள் இல்லாமலே நகர்ந்து போய்விடும். அதற்கப்புறம் நான் செய்தது, கோச்சிடம் கேட்டது, வேண்டாமென்று மறுத்தது எல்லாமே இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். பிள்ளைக்கு வேண்டியது வரிசையில் ஓர் இடம். அதற்குக் குழுவில் அவளுக்கென்று ஒரு வேலை வேண்டும். அந்த வேலை நிஜமான வேலையாக இருக்க வேண்டும்.

நம் ஊர்த் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது கடைக்குட்டி ஒன்று அழுதுகொண்டு பின்னாலேயே வரும். அதை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். ஓடலாம், கத்தலாம், ஆனால் யாரும் பிடிக்க மாட்டார்கள். அது பிடித்தாலும் கணக்கில் வராது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பேரானந்தம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே விஷயம் புரிந்துவிடும். புரிந்த மறுநிமிடம் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறுதலுக்காகக் கொடுக்கும் கோப்பை, "நீயும் ஜெயிச்ச மாதிரிதான்" என்கிற சமாதானம் எல்லாம் இந்த ரகம்தான். கும்பகோணத்திலிருந்து என் அம்மா வீடியோவில், "ஒரு கப்பு வாங்கிக் கையில குடுத்துடேன்டி, கொழந்த முகம் வாடிக் கெடக்கு" என்றார். பாசத்தில் சொல்கிறார். ஆனால் நான் வாங்கவில்லை. தினமும் கைப்பிடிப் புண்ணோடு வீட்டுக்கு வரும் பிள்ளை அவள். எது உழைத்து வந்தது, எது கடையில் வாங்கியது என்று அவளுக்குத் தெரியும்.

ஏன் போக முடியாது என்று பிள்ளை கேட்கும்போது உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. "நீ இன்னும் ரெடி ஆகல" என்று சொன்னால் தனக்குத்தான் ஏதோ வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். விதி வயதைப் பற்றியது, அவளைப் பற்றியதில்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குறைந்தபட்ச வயது வைத்திருக்கிறது. மேல் நிலைகளுக்கு அது கூடும். அந்தக் காலத்தில் நம் ஊரில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் வயது ஆகிவிட்டது. ஜிம்னாஸ்டிக்ஸில் அந்தச் சோதனை செல்லாது. ஆறு வயது உடம்பு எல்லாவற்றையும் தொட்டுவிடும். அதுதான் ஆபத்தே.

எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று உண்டு. குருத்தெலும்பால் ஆனது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். வளர்ந்து முடிந்த பிறகுதான் அது கெட்டியான எலும்பாக மாறும். அதுவரை சுற்றியுள்ள எலும்பைவிட அது பலவீனமான இடம். மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் உடம்பின் பாரத்தைக் கால்தான் தாங்கும். இதில் கையும் தாங்குகிறது. ஹேண்ட்ஸ்டாண்ட், வால்ட், பின்பக்கமாகக் கை ஊன்றிப் புரளுவது என்று ஒவ்வொன்றிலும் மணிக்கட்டில் பாரம் இறங்கும். அதனால் வரும் மணிக்கட்டு வலிக்கு மருத்துவர்களே 'ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போட்டி என்று வந்துவிட்டால் ஒரே அசைவை நூறு முறை செய்யச் சொல்லும் அழுத்தமும் கூடவே வரும். பிள்ளையைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும்போது, பெரிய பிள்ளைகள் செய்யும் அத்தனை முறையும் இவளும் செய்ய வேண்டும் என்று கேட்டுவிடாதீர்கள். எங்கள் கோச் இவளுக்குப் பாதிதான் கொடுப்பார். மீதி நேரம் நெகிழ்வுப் பயிற்சி. மணிக்கட்டோ குதிகாலோ வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே கோச்சிடம் சொல்லிவிட வேண்டும்.

ஜிம்னாஸ்டிக்ஸில் வயது விதி லேசில் வந்ததில்லை. 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் கிரேக்கத்தின் திமித்ரியோஸ் லௌண்ட்ராஸ் பாரலல் பார்ஸ் குழுப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தபோது அவருக்குப் பத்து வயது. 1976-ல் மாண்ட்ரியலில் நாடியா கொமனெச்சி ஒலிம்பிக்கின் முதல் பத்துக்குப் பத்து வாங்கியபோது பதினான்கு. 1981-ல் சர்வதேசப் போட்டிகளில் சீனியர் பெண்களுக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்தாக்கினார்கள். 1997-ல் பதினாறு. அதாவது அந்த வருடம் முடிவதற்குள் பதினாறு நிறைய வேண்டும். இன்றைய விதிப்படி 1976-ல் நாடியா அரங்கத்துக்குள்ளேயே வந்திருக்க முடியாது.

விதி வந்ததும் வயதைத் திருத்தும் வேலையும் வந்தது. வடகொரியாவின் கிம் க்வாங் சுக் 1991-ல் அன்ஈவன் பார்ஸில் உலகச் சாம்பியன் ஆனார். ஆனால் அவருக்குப் பதினைந்து வயது என்று அடுத்தடுத்து மூன்று வருடம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்காக 1993 உலகப் போட்டியில் வடகொரியாவையே சேர்க்கவில்லை. சீனாவின் டோங் ஃபாங்சியாவ் 2000-ல் சிட்னியில் ஆடியபோது அவருக்குப் பதினான்குதான் என்று பிறகு தெரியவந்தது. சீனக் குழு வாங்கிய வெண்கலத்தை 2010-ல் பறித்து அமெரிக்கக் குழுவுக்குக் கொடுத்தார்கள். நம் அப்பா, தாத்தா தலைமுறையில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட பிறந்த தேதிதான் சான்றிதழில் இருக்கும். அதனால் வயதைக் கூட்டிப் போடுவதில் என்ன பெரிய தப்பு என்று நமக்கு லேசாகத் தோன்றலாம். ஆனால் இதில் தாங்கப்போவது ஒரு குழந்தையின் எலும்பு. பக்கத்து ஊர் கிளப் ஒன்றில் வயதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, அங்கே மாற்றிவிடேன் என்று ஒருவர் என்னிடமும் சொன்னார். குறைந்த வயதிலேயே மேடை ஏற்றும் பொழுதுபோக்குப் போட்டிகள் முறையாகவே நடக்கின்றன, அவற்றைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மேடைக்காக, பிள்ளைக்குப் பழகிய கோச்சையும் தோழிகளையும் விட்டுப் போவது இழப்பில் போய் முடியும். அவள் கேட்டது அந்த வரிசையில் இடம். வேறு வரிசை அவளுக்கு எதற்கு?

சரித்திரத்தில் பிள்ளைக்குச் சொல்ல நல்ல கதையும் இருக்கிறது. சிமோன் பைல்ஸ் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். ஆறு வயதில், டே கேரிலிருந்து சுற்றிப் பார்க்க அழைத்துப் போன இடத்தில்தான் முதன்முதலாக ஜிம்னாஸ்டிக்ஸைப் பார்த்தார். பிறந்தது 1997 மார்ச்சில். 2012 லண்டன் ஒலிம்பிக் வந்தபோது பதினைந்துதான், போக முடியாது. அடுத்த வருடம் ஆண்ட்வெர்ப்பில் உலகச் சாம்பியன். அதன்பின் 2016 ரியோ: நான்கு தங்கம், ஒரு வெண்கலம். ரஷ்யாவின் விக்டோரியா லிஸ்டுனோவா கதை வேறு விதம். 2005-ல் பிறந்தவர். டோக்கியோ ஒலிம்பிக் சொன்னபடி 2020-ல் நடந்திருந்தால் வயது போதாமல் வீட்டில் இருந்திருப்பார். கொரோனாவால் அது ஒரு வருடம் தள்ளிப்போக, அதற்குள் வயது வந்து, குழுவோடு சேர்ந்து தங்கம் வாங்கினார்.

ஆறு வயதுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறாது. ரியோ வால்ட் இறுதிப் போட்டியைப் போட்டுக் காட்டினேன், அது ஏறியது. அந்த ஒரே போட்டியில் பத்தொன்பது வயது சிமோன் முதலாவதாக வந்தார். அகர்தலாவில் ஆறு வயதில் தொடங்கிய தீபா கர்மாகர், இருபத்து மூன்று வயதில், 15.066 வாங்கி நான்காவதாக வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.150 புள்ளிதான். அதே ஓடுபாதையில் உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினாவும் ஓடி வந்து குதித்தார். அவருக்கு நாற்பத்தொன்று.

"அந்த ஆன்ட்டி உன்னைவிடப் பெரியவங்களா?"

"ஆமா, பெரியவங்க."

நிறுத்திவிட்டு, முதலிலிருந்து போடச் சொன்னாள். இந்த விளையாட்டில் பதினாறோடு கதை முடிந்துவிடும் என்று பெற்றோரே நம்புகிற காலம் ஒன்று இருந்தது. அந்த அவசரத்தை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றத் தேவையே இல்லை என்பதை அந்தக் காட்சி எனக்கும் சேர்த்துச் சொல்லியது.

சரி, நிஜமான வேலை என்றேனே, அதற்கு வருகிறேன்.

சாதாரண மீட் நடக்கும் தளத்துக்குள் பதிவு செய்த வீராங்கனைகளும் பயிற்சியாளர்களும் நடுவர்களும் தவிர யாரும் போக முடியாது. பாதுகாப்புக்காக வைத்திருக்கும் விதி, அதில் விலக்குக் கேட்கவே கூடாது. ஆனால் நம் கிளப்பே நடத்தும் மீட் என்று வருடத்துக்கு ஒன்றாவது இருக்கும். அன்றைக்கு வேலைக்கு ஆள் போதவே போதாது. பெற்றோர் எல்லோரும் ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொள்வோம். அந்த மீட்டில் என் மகளுக்கு இரண்டு வேலை கிடைத்தது. போட்டி தொடங்குவதற்கு முன்னால் குழுக்கள் அணிவகுத்து உள்ளே வரும்போது, எங்கள் குழுவின் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது ஒன்று. பலகையைத் தூக்கினால் அவள் முகம் தெரியாது, கால் மட்டும் தெரியும். அந்தக் கால், விரல் நுனியை நீட்டி நீட்டி, பீமின் மேல் நடப்பதுபோல் நடந்து வந்தது.

இன்னொரு வேலை பரிசு மேஜையில். ஒன்று முதல் எட்டு வரை எண் அச்சிட்ட ரிப்பன்கள் எல்லாம் கலந்து ஒரே பெட்டியில் வந்திருந்தன. அதைப் பிரித்து எண்வாரியாக அடுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, எட்டு வரிசை போட்டு, ஆறையும் ஒன்பதையும் குழப்பிக்கொண்டு, பிறகு ஒன்பது கிடையாது என்று தானே கண்டுபிடித்துத் திருத்தி, முழுப் பெட்டியையும் முடித்தாள். பரிசு கொடுக்கும்போது அறிவிப்பாளர் இடத்தைச் சொல்லச் சொல்ல, சரியான ரிப்பனை எடுத்துக் கொடுப்பவரிடம் நீட்டியது அவள்தான். அவள் ஒரு நிமிடம் தாமதித்தால் அரங்கமே காத்திருக்கும். தான் இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்று அவளுக்கே தெரிந்த வேலை அது. பொம்மை வேலையாக இருந்தால் பிள்ளை பத்து நிமிடத்தில் விட்டுவிட்டு வந்திருக்கும்.

மீட் இல்லாத நாளிலும் இப்படி வழி இருக்கிறது. தரையில் மல்லாந்து கையையும் காலையும் உயர்த்தி, முதுகு ஒட்ட, அசையாமல் இருக்கும் ஒரு பயிற்சி உண்டு. ஹாலோ ஹோல்ட் என்பார்கள். அதற்குச் சத்தமாக எண்ணும் பொறுப்பைக் கோச் வாரம் ஒருமுறை இவளிடம் கொடுக்கிறார். எட்டு வயது அக்காக்கள் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இவள் முப்பது சொல்வதற்குக் காத்திருப்பார்கள். இருபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவில் இவள் மூச்சு வாங்கினால் அவர்கள் போடும் கூச்சல் வெளியே வரை கேட்கும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது ஒத்திகை மீட். சீசனுக்கு முன்னால் பெரும்பாலான கிளப்களில் இதை நடத்துகிறார்கள். பெற்றோர் பார்வையாளர்களாக உட்கார, பிள்ளைகள் போட்டியைப் போலவே வரிசையாக வந்து ரொட்டீன் செய்து காட்டுவார்கள். வயது வராத பிள்ளைகளுக்கும் இதில் முழு இடம் கொடுக்கலாம், எந்த விதியும் தடுக்காது. எங்கள் கிளப்பில் இரண்டே விஷயம் மாற்றினார்கள். சின்னவர்களுக்கு வராத அசைவுகளை எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் போடவில்லை. என் மகள் ஃப்ளோர் மூலையில் போய் நின்றாள், கை உயர்த்தி வணக்கம் சொன்னாள், எல்லோருக்கும் போட்ட அதே இசை அவளுக்கும் ஒலித்தது. முடித்ததும் கோச் அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, நன்றாக வந்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று சொன்னார். "கை ரெண்டும் நேரா இருந்தது. குதிச்சு இறங்கறப்போ முட்டியை மடக்கணும்." அவ்வளவுதான். அன்றிரவு படுக்கையிலிருந்து பத்து முறையாவது குதித்து இறங்கினாள், முட்டியை மடக்கி.

மதிப்பெண் போடாதது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. மீட்டில் பத்தில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள். காலை மடக்கினால் கொஞ்சம், தடுமாறினால் கொஞ்சம், விழுந்தால் அரைப் புள்ளி. எட்டு வயதுப் பிள்ளை அதைப் புரிந்துகொண்டு, எங்கே போனது என்று தேடும். ஆறு வயதுக்கு அது வெறும் எண். பக்கத்துப் பிள்ளையின் எண்ணைவிடச் சின்னதா பெரியதா என்பது மட்டும்தான் கண்ணில் படும். சின்னப் பிள்ளைகளை வரிசைப்படுத்த வேண்டாம் என்பதை நார்வே நாட்டில் விளையாட்டுக் கூட்டமைப்பே எல்லா விளையாட்டுக்கும் பொது விதியாக வைத்திருக்கிறது. ஆறு வயதாகும் வருடத்திலிருந்து சொந்த கிளப்புக்குள் போட்டியிடலாம், ஒன்பதிலிருந்து சுற்றுவட்டாரப் போட்டிகள், பதினொன்று வரை முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது, பதின்மூன்று வரை தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. நார்வே பிள்ளைகள் பெரியவர்களானதும் பதக்கம் வாங்காமல் போய்விடவில்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கப் பட்டியலின் மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும். சின்ன வயதில் சொந்த வீட்டு முற்றத்தில் ஆடட்டும் என்கிற அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் கிளப் அளவில் யார் வேண்டுமானாலும் நாளைக்கே செய்யக்கூடிய காரியம்.

வெளியூர் மீட்டுக்குப் பிள்ளையைப் பார்வையாளராக அழைத்துப் போவதா? பிள்ளையைப் பொறுத்தது. என் மகளுக்குப் போகப் பிடிக்கும். வேறொரு வாண்டு முதல்முறை போய்விட்டு, முழு நேரமும் அம்மா மடியில் முகம் புதைத்து அழுதது. அந்தப் பிள்ளையை அதற்கப்புறம் அழைத்துப் போகவில்லை, அதுவும் சரிதான். போவதாக இருந்தால் முழு செஷனும் உட்காராதீர்கள். அணிவகுப்பு, பரிசு எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மணி நேரம் இழுக்கும். அதில் நம் பிள்ளைகள் ஆடுவது கொஞ்ச நேரம்தான். பிள்ளை நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும்.

தொடக்க நிலைகளில் ஒரு வசதி இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் செய்வது ஒரே ரொட்டீன், ஒரே இசை. அதனால் வாண்டுகளுக்கும் அது மனப்பாடம். பார்வையாளர் வரிசையில் என் மகள் என் முழங்காலின் மேல் இரண்டு விரலை நிறுத்தி, தோழி பீமில் செய்யச் செய்ய, விரலாலேயே முழு ரொட்டீனையும் நடத்தினாள். திரும்பும் இடத்தில் விரல் திரும்பியது. காலைத் தூக்கும் இடத்தில் ஒரு விரல் தூக்கியது. தோழி தடுமாறியபோது விரலும் நின்றது, நான் மூச்சு விடக்கூட அவள் விடவில்லை. தோழி நின்று சமாளித்ததும்தான் அடுத்த அடி. பீமில் ஆள் இருக்கும்போது கத்தக் கூடாது, இறங்கியதும் கத்தலாம் என்பதை முன்பே சொல்லி வைத்திருந்தேன். இறங்கியதும் கத்தினாள்.

பெரிய பிள்ளைகளின் பங்கும் இதில் பெரியது. எங்கள் ஜிம்மில் ஒவ்வொரு வாண்டுக்கும் ஒரு அக்கா என்று ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். மீட் முடிந்து வந்த முதல் பயிற்சியில் அந்த அக்கா வாண்டிடம் கதை சொல்ல வேண்டும். ஒரு எல்லைக்குள் இது அழகான ஏற்பாடு. அந்த அக்காவும் எட்டு வயதுக் குழந்தைதான், அவளுக்கும் மோசமான நாள் வரும், அன்றைக்குப் பேசப் பிடிக்காது. வாண்டின் மனதைத் தேற்றும் பொறுப்பை அவள் தலையில் வைக்கக் கூடாது. ஒருநாள் என் மகளின் அக்கா கதை சொல்லாமல் சாக் பொடி எடுக்கப் போய்விட்டாள். இவள் பின்னாலேயே போய், தன் கையிலிருந்த பொடியை அவள் உள்ளங்கையில் தட்டிவிட்டு வந்தாள்.

பெற்றோரின் வாட்ஸாப் குழுவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீட் நாளில் அதில் படமும் மதிப்பெண்ணுமாகக் கொட்டும். அந்தத் திரையைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். வாழ்த்த வேண்டியதை வாழ்த்திவிட்டு, பிள்ளை கேட்டால் மட்டும் காட்டுங்கள். வயது வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: குழுப் படம் எடுக்கும்போது, "போட்டிக்குப் போறவங்க மட்டும் நில்லுங்க" என்று சொல்லாதீர்கள். எல்லோரையும் வைத்து ஒன்று, போட்டிக் குழுவை வைத்து ஒன்று என்று இரண்டு எடுத்தால் போதும். முதலில் எல்லோரும் நிற்கும் படத்தை எடுங்கள். சின்னப் பிள்ளையைப் பாதியில் விலகச் சொல்வது, கடைசியில் வந்து சேரச் சொல்வதைவிட எளிது. விலகும்போது அவள் ஏற்கெனவே படத்தில் இருக்கிறாள்.

இது எதையும் கண்டுகொள்ளாத பிள்ளையும் உண்டு. டிராம்போலினில் குதிக்கக் கிடைத்தால் போதும், மீட் என்றால் என்ன என்றே கேட்காது. அந்தப் பிள்ளையிடம் நாமாகப் போய், "உனக்கு வருத்தமா இருக்கா?" என்று தோண்ட வேண்டாம். குதிக்கட்டும்.

கோச்சிடம் இதையெல்லாம் எப்போது பேசுவது என்று பலரும் கேட்கிறார்கள். சீசன் நடுவில் பேசினால் அவர்களுக்குக் காது கொடுக்க நேரம் இருக்காது. நான் கோடை விடுமுறையிலேயே, லியோடார்ட் அளவு எடுப்பதற்கு முன்னால், தனியாகப் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். போட்டிக்கு அனுப்புங்கள் என்று கேட்க வரவில்லை என்பதை முதலிலேயே சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகமே தளர்ந்தது. நான் கேட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். குழு டி-ஷர்ட் அவளுக்கும் உண்டா? சுவரில் இருக்கும் பெயர்ப் பலகையில் அவள் பெயரும் வருமா? ஒத்திகை மீட்டில் இடம் கிடைக்குமா? நம் மீட்டில் அவளால் ஆகக்கூடிய வேலை ஏதாவது இருக்கிறதா? நான்குக்கும் சரி என்றார். டி-ஷர்ட்டுக்குப் பத்து பதினைந்து டாலர் ஆகும், கொடுத்துவிடுங்கள் என்றார். முதுகில் கிளப் பெயர் தைத்த வார்ம் அப் ஜாக்கெட்டை மட்டும் மறுத்துவிட்டார். அது முதல் மீட் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கொடுப்போம், அவளுக்கும் அன்றைக்கே கொடுப்போம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மகளிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, ஜாக்கெட்டில் பாக்கெட் இருக்குமா என்று கோச்சிடம் கேட்டு வரச் சொன்னாள்.